அக்கா எடைக்கு ஒரு மூட்டை

மங்கலம்,
9 ஜூன் 2024

வடநாட்டு வெயிலையே சல்யூட் அடிக்க வைக்கும் என் மருமகள் செல்வகுமாரிக்கு, முக்கால் காணி கரும்புக்கும் ஒரு மோட்டார் கொட்டகைக்கும் ஏகச் சக்கரவர்த்தியான பக்கிரி மாமன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பசு, கன்று எல்லாரும் சுகம். உன் சுகத்தையும், புது பூட்ஸ் கடித்த உன் குதிகாலின் சுகத்தையும் அறிய ஆவல்.

நீ போலீஸ் படைக்குப் பயிற்சிக்குப் போகும்போது என் தலையில் வைத்துவிட்டுப் போன பொறுப்பை நான் நிறைவேற்றும் அழகைப் பார்த்து ஊரே வாயில் விரல் வைத்து நிற்கிறது. செவ்வாயும் வெள்ளியும் தவறுவதில்லை. உன் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் என் அக்காவை, அதாவது உன் அம்மாவை, ஒருக்களித்து உட்கார வைத்து, அரியூருக்கு அழைத்துப் போய், இடுப்புக்குப் பயிற்சி கொடுக்கும் சகாயராணி என்ற அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்து, திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். உன் வண்டிக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்களா, இல்லை ரயில் தண்டவாளத்தை அறுத்து வைத்திருக்கிறார்களா? ஒரு கூழாங்கல் மேல் ஏறினால் போதும். நான் ஆகாயத்தில் எழும்பி, கடலூர் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே சீட்டில் வந்து இறங்குகிறேன். போன வெள்ளிக்கிழமை மேலே ஒரு கொக்கு என்னிடம் ஊசுட்டேரிக்கு வழி கேட்டது.

அக்கா மட்டும் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வருகிறாள். காற்றுக்காக இருக்கும்.

உன் வெற்றிக்கு இங்கிருந்தே மீசையை முறுக்கும்,
பக்கிரி மாமன்.


பயிற்சி முகாம், மத்தியப் பிரதேசம்,
23 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு, செல்வகுமாரியின் வணக்கம். நலம். குதிகாலும் நலம், தோல் உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது. உங்கள் கடிதத்தை எங்கள் அறையில் தமிழ் தெரியாதவர்களுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொக்கு என்ன ஆனது என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

மாமா, அது காற்றுக்காக இல்லை. அம்மா வலியில்தான் முந்தானையைக் கடிப்பாள்.

தப்பு என்னுடையது. நான் தினமும் அந்த வண்டியில் பால் சொசைட்டிக்கு ரெண்டு கேன் கொண்டுபோனேன். அதற்காகப் பின்பக்க ஷாக் அப்சார்பரை அஞ்சாம் படியில் வைத்திருந்தேன், கிளம்புகிற அவசரத்தில் இறக்க மறந்துவிட்டேன். பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் நிற்கிற ஸ்பிரிங்குகளின் அடியைப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். மொத்தம் அஞ்சு படி. மேலே போகப் போக ஸ்பிரிங் இறுகும். கேன் ஏற்றினால் அஞ்சு சரி. ஆனால் அம்மாவின் கனம் ஒரு கேன் கனம்தான் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கிற கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருப்பி ரெண்டாம் படிக்கு இறக்குங்கள்.

போனைப் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் பத்து நிமிடம் தருகிறார்கள். அப்போதும் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதனால் இதைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் விடாமல் போகவேண்டும், விட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். பஸ் படி அம்மாவுக்கு எட்டாது. ஆட்டோவில் போய் அவள் பட்ட பாட்டைப் பார்த்தோம். உங்கள் பின்சீட்டை விட்டால் வேறு வழி இல்லை. அம்மாவால் போக முடியவில்லை என்று தெரிந்தால், விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இதை அவளிடம் சொல்லாதீர்கள்.

அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களையும்.
செல்வகுமாரி.


மங்கலம்,
7 ஜூலை 2024

எட்டுத் திக்கும் லெஃப்ட் ரைட் போட்டு நடுங்க வைக்கும் மருமகளுக்கு, மாமன் ஆசி. அனைவரும் சுகம். பசு மட்டும் உன்னைக் காணோமென்று என்னை முட்டியது.

விலகல், கிலகல் என்று இனி எழுதினால் தபால்காரரையும் சேர்த்து வைவேன். உன்னைப் போலீஸ் ஆக்க இந்த வம்சம் ஏழு தலைமுறையாகத் தவம் கிடந்தது. ஆறு தலைமுறை போலீசுக்குப் பயந்து கரும்புக்குள் ஒளிந்தது என்பது வேறு சங்கதி.

உன் உத்தரவோடு மதகடிப்பட்டு மெக்கானிக் ஜெயசீலனிடம் போனேன். கொக்கி ஸ்பானர் என்கிற அந்த ஆயுதத்தை என் கையால் தொட எனக்குக் கூச்சம். அவன் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு இப்படிச் சிரித்தான்:

"இன்னா மாமா, ரெண்டாம் படியா? நம்மூர்ல பால் கேன் போவாத வண்டி எது, நெல்லு மூட்டை ஏறாத வண்டி எது? புது வண்டி வந்தாலே மொத வேலையா அஞ்சுல ஏத்திடுவேன். ரெண்டுல வெச்சா பொண்ணு பாக்கப் போற வண்டின்னு கை கொட்டிச் சிரிப்பானுங்கபா."

நியாயம்தானே? தொளதொள வண்டியில் போகிற பக்கிரி என்று நாளைக்குப் பேச்சு வந்தால் என் கரும்பு தலை குனிந்து நிற்கும். ஆனால் மருமகள் சொல்லையும் தட்ட முடியாது. ஒரு ராத்திரி யோசித்து, அரசர்கள் செய்கிற மாதிரி ஒரு சமாதான உடன்படிக்கை செய்தேன். அக்கா காலை இடது பக்கம் தொங்கப்போட்டு உட்காருகிறாள். ஆகவே இடது பக்க ஸ்பிரிங்கை மட்டும் ரெண்டாம் படிக்கு இறக்கச் சொல்லிவிட்டேன். வலது பக்கம் அஞ்சிலேயே கம்பீரமாக நிற்கிறது. இடப்பக்கம் அக்காவுக்கு, வலப்பக்கம் மானத்துக்கு.

இப்படிக்கு,
இரு பக்கமும் நியாயம் வழங்கிய மாமன்.


பயிற்சி முகாம்,
19 ஜூலை 2024

அன்புள்ள மாமா, நலம், நலமறிய ஆவல் என்று நிதானமாக எழுத முடியவில்லை.

ஒரு பக்கம் அஞ்சு, ஒரு பக்கம் ரெண்டு வைக்கவே கூடாது! இறுகிய பக்கம் எல்லா அடியையும் வாங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புச் சட்டம் முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி இழுக்கும். அம்மா எந்தப் பக்கம் கால் போட்டாலும் அவள் கனம் நடுவில்தான் இறங்குகிறது, மாமா. ரெண்டு பக்கமும் ஒரே படி. இதை இன்றைக்கே செய்யுங்கள்.

ஊரில் சிரிப்பார்கள் என்றால் சிரிக்கட்டும். சிரிக்கிறவர் யாருக்கும் இடுப்பில் டிஸ்க் விலகவில்லை.

உங்கள் பதிலைப் பார்க்கும் வரை தூக்கம் வராது,
செல்வகுமாரி.


மங்கலம்,
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செல்வகுமாரிக்கு,

சுகம். அக்கா சுகம். வண்டி சரி செய்தாகிவிட்டது, ரெண்டு பக்கமும் ரெண்டாம் படி. இங்கே மழை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பக்கிரி.


பயிற்சி முகாம்,
24 ஆகஸ்ட் 2024

மாமா,

என் கடிதத்துக்கு நாலு வாரம் பதில் இல்லை. வந்த கடிதத்தில் நாலு வரி. அதில் ஒரு பொய்கூட இல்லை. நீங்கள் இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. தாத்தா செத்த அன்றைக்குக்கூட, பாடையைத் தூக்கினவர்களிடம் "எங்கப்பன் சொர்க்கத்துக்குக் குறுக்கு வழி தெரிஞ்சவன், வேகமா நடங்கடா" என்று சொன்ன ஆள் நீங்கள்.

ஞாயிறன்று அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு சகாயராணி ஊருக்குப் போயிருக்குது" என்கிறாள். அதற்கு முந்தின ஞாயிறும் அதையேதான் சொன்னாள். எப்போதும் போனைப் பிடுங்கி "தளபதியாரே!" என்று கத்துகிற உங்கள் குரலையும் காணோம்.

என்ன நடந்தது?

விலகல் கடிதத்தை எழுதி என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பயிற்சியில் அடுத்த கட்டம் அக்டோபர் கடைசியில் தொடங்கும். போகிறவர்கள் அதற்குள் போய்விட வேண்டும். உண்மையை எழுதுங்கள், மாமா. நான் அழமாட்டேன், இங்கே அதற்கு நேரம் தருவதில்லை.

செல்வகுமாரி.


மங்கலம்,
2 செப்டம்பர் 2024

அன்பு மருமகளுக்கு, மாமன் எழுதுவது. உடம்புக்கு இங்கே ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கீழே.

உன் ஜூலைக் கடிதம் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. வில்லியனூர் தாண்டி ஒரு டவுன் பஸ் என்னை ஓரங்கட்டிக்கொண்டு போனது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தானோ, கொட்டாவி விட்டானோ, இப்போது யோசித்தால் தெரியவில்லை. விட்டேன் பார். பஸ்ஸைத் தாண்டிவிட்டேன். தாண்டின இடத்தில் ஒரு வேகத்தடை.

நான் சீட்டை விட்டு எழுந்தேன். அக்கா அதைவிட உயரம் எழுந்தாள்.

வண்டியை நிறுத்தித் திரும்பினால், அவள் இறங்கி ஒரு கடையின் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவள் என்னைத் திட்டவில்லை, செல்வி. "ஒரு ஆட்டோ கூப்புடு"ன்னு மட்டும் சொன்னாள். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவள் குரல் பின்னால் வந்த எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து அரியூருக்குப் போகவில்லை. சகாயராணி எங்கேயும் போகவில்லை, தினமும் போன் செய்து கூப்பிடுகிறாள். உன் கடிதம் வந்ததும் ரெண்டு பக்கமும் இறக்கிவிட்டேன். ஆனால் அக்கா கிட்டேயே வரவில்லை. "நீ ஸ்பிரிங்க எறக்கினா இன்னா, ஏத்தினா இன்னா, அந்தச் சனியன்மேல நான் குந்த மாட்டேன்" என்கிறாள். உனக்குத் தெரிந்தால் ஓடி வந்துவிடுவாய் என்று அவள் மறைக்கிறாள். நீ வந்துவிடுவாய் என்று நானும் மறைத்தேன்.

ரெண்டாம் படி அவள் கனத்துக்குச் சரியா என்பதே அவள் உட்கார்ந்தால்தான் தெரியும். உட்காராத ஆளுக்கு எப்படி சரி பார்ப்பது? அதை எழுது. அந்தப் பெட்டியைப் பூட்டியே வை.

பக்கிரி.


பயிற்சி முகாம்,
11 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். எல்லாரும் நலமென்று எழுத நீங்கள் பட்ட கஷ்டம் புரிகிறது. கோபம் இருக்கிறது, பஸ்மேல் இல்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா உட்கார வேண்டாம். அவள் கனத்துக்கு ஒரு மூட்டை கட்டுங்கள். டாக்டர் சீட்டில் நாற்பத்தெட்டு கிலோ என்று இருந்தது. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, சக்கர நட்டிலிருந்து நேர்மேலே சீட்டுக்கு அடியில் ஒரு இடத்தில் குறி வைத்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மூட்டையை ஏற்றி நீங்களும் ஏறி உட்காருங்கள். வேறொருவர் திரும்ப அதே இடத்தை அளக்கட்டும். முன்னதைவிட ரெண்டு விரல் அகலம் குறைந்தால் சரி. இறங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் இறுக்கம், தூக்கி எறியும். ரொம்ப இறங்கினால் தளர்வு, பள்ளத்தில் அடியோடு இடிக்கும். அதுவும் அம்மாவுக்கு ஆகாது.

அக்டோபர் கடைசி வரை பெட்டியைத் திறக்கமாட்டேன். அதற்கு மேல் சொல்ல முடியாது.

செல்வகுமாரி.


மங்கலம்,
30 செப்டம்பர் 2024

திசை தெரியாமல் கலங்கிய படகுக்குக் கரை காட்டிய மருமகளுக்கு, மாமன் ஆயிரம் ஆசி. நான் சுகம். மூட்டையும் சுகம்.

நெல் மண்டித் தராசில் ஆற்று மணலை நிறுத்து, நாற்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு பிராட்டியைப் படைத்தேன். கோணி பழசு, மணல் ஒழுகியது. அக்காவின் கிழிந்த நீலச் சேலையைச் சுற்றிக் கட்டினேன். பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் என் இடுப்போடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டு கிளம்பியதும் ஊர் ஸ்தம்பித்தது. உறுவையாறு பாதையில் எட்டுப் பேர் வண்டியை மறித்தார்கள். "யாரு வூட்டுப் பொண்ண இஸ்துக்கினு போற மாமா?" என்று ஒருவன். "மொகத்த மூடினு வருதே, புதுப்பொண்ணா?" என்று இன்னொருவன். சாயங்காலத்துக்குள் எனக்கு மூன்று முறை கல்யாணம் ஆகிவிட்டது, ஒன்றில் மொய்கூட எழுதிவிட்டார்கள்.

பக்கத்து வூட்டு தேவி, தையல் டேப்போடு வந்து அளந்தாள். ரெண்டாம் படியில் மூன்று விரலுக்கு மேல் இறங்கியது. மூன்றாம் படியில் சரியாக ரெண்டு விரல். அளவு காகிதத்தில் சரி, மேட்டில் எப்படி? மூட்டையின் தலையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துக் கட்டி, தெருமுனை வேகத்தடையைக் கடந்தேன். பழைய அஞ்சாம் படி வைத்துப் பார்த்தபோது சொம்பு கயிற்றை அறுத்துக்கொண்டு தேவி வூட்டு ஓட்டில் போய் உட்கார்ந்தது. ரெண்டில் தண்ணீர் சிந்தவில்லை போலிருந்தது, அடியில் 'டொம்' என்று ஓர் இடி, பாதி போய்விட்டது. மூன்றில் ஒரு கை அளவுதான் சிந்தியது.

அந்த ஒரு கை அளவும் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஸ்பிரிங் செய்வதல்ல, நான் செய்வது என்று புரிந்தது. அதனால் அப்புறம் தினமும் காலையில் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பழகினேன். மேடு வருவதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை விட்டு, காலைத் தரையில் ஊன்றி, "இரும்மா, மேடு வருது, கெட்டியா புட்சிக்கோ" என்று சொல்லி, முன்சக்கரத்தை ஏற்றி, பின்சக்கரத்தை ஏற்றி, இறக்கி... வாயால் சொன்னால்தான் கை மெதுவாகிறது, என்ன செய்ய? கடைசி நாலு நாளாக ஒரு சொட்டும் இல்லை.

இவ்வளவையும் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலை மூட்டையை இறக்கி, அது சாயாமல் சுவர் ஓரம் அணைத்து உட்கார வைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஏண்டா பக்கிரி. மணலுக்கு நோவுமேன்னு இம்மாம் பார்த்துப் பார்த்து ஓட்டற. அன்னிக்கி உன் பின்னால குந்தினு வந்தவ இன்னா, உமி மூட்டையா?"

எனக்கு எழுபத்திரண்டு பதில் தெரியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மூட்டையின் தலையிலிருந்த சொம்பை அவிழ்த்தேன், செல்வி.

அப்புறம், "நாளைக்கி செவ்வாக்கெழம. அந்த மூட்டைய இங்கயே வுட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொம்பைத் துலக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாமன்.


பயிற்சி முகாம்,
9 அக்டோபர் 2024

மாமா, நலம். செவ்வாய் போய் அடுத்த செவ்வாயும் போய்விட்டது. இந்த மாதம் ஞாயிறெல்லாம் எங்களுக்கு அணிவகுப்பு, போன் தரமாட்டார்களாம். அம்மா ஏறினாளா? அரியூர் போனாளா? ஒரே வரி எழுதினாலும் போதும். பெட்டிச் சாவி கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது, ஓடும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.

செல்வகுமாரி.


மங்கலம்,
20 அக்டோபர் 2024

போன் இல்லாமல் தவித்த தளபதியாருக்கு, உலகிலேயே மெதுவான மோட்டார் சைக்கிள் வீரன் பக்கிரி மாமன் எழுதுவது. எல்லாரும் சுகம், இந்த முறை உண்மையாகவே.

ஏறினாள்! மூன்றாம் படி, ரெண்டு பக்கமும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு வாத்துக் கூட்டம் எங்களை முந்தியது. வாத்து மேய்க்கிறவன் திரும்பிப் பார்த்து, "பெட்ரோல் தீந்துடுச்சா சாமி, தள்ளணுமா?" என்றான். வில்லியனூரில் அதே டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது. இந்தப் பக்கிரி தலையைக்கூடத் திருப்பவில்லை. நாங்கள் கிளம்பும்போது நட்ட நெல் திரும்பி வரும்போது கதிர் விட்டிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் நான் "இரும்மா, மேடு" என்று சொல்ல, "தெரியுதுடா, எனக்கும் கண்ணு கீது" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. மூட்டை அப்படி எதிர்த்துப் பேசியதில்லை.

விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து சகாயராணி என்னை நிற்க வைத்துத் திட்டினாள். ஒரு பஞ்சாயத்து முழுக்கக் கேட்கும்படி. நல்ல பெண். அதன்பின் ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் விடவில்லை. ஜெயசீலன் வண்டியைப் பார்த்துச் சிரித்தான். அவனே, தன் ஆத்தாளுக்கும் இடுப்பு வலி என்று நேற்று என்னிடம் கொக்கி ஸ்பானரோடு வந்து, "மூணாம் படின்னா எது மாமா, கீழேர்ந்து எண்ணணுமா மேலேர்ந்தா?" என்றான். ஒரு மெக்கானிக் கேட்கிற கேள்வி!

மேற்கொண்டு எழுத விடாமல் அக்கா பேனாவைப் பிடுங்குகிறாள். மீதி இடம் அவளுக்கு.

செல்வி, அம்மா எழுதறேன். உங்க மாமன் எல்லாத்தையும் சொல்லிட்டான், பெட்டியில வெச்சிருக்கற காகிதத்தையும். அத கிழிச்சிப் போடு. இன்னும் ஒரு மாசம் வரச் சொல்லிக்கீது அந்தப் பொண்ணு, ஆபரேஷன் பேச்சையே எடுக்கல. போன வெள்ளிக்கிழம வெளிய வரும்போது, அது சொல்லிக்குடுத்த மாதிரி முட்டிய மடக்கிக் குனிஞ்சி, என் செருப்ப நானே எடுத்துப் போட்டுக்கினேன். எப்பவும் உங்க மாமன்தான் குனிஞ்சி போட்டு விடுவான். அன்னிக்கி அவன் அந்தப் பக்கமா திரும்பி, ரொம்ப நேரம் வண்டி ஸ்பிரிங்க துணியால தொடச்சிக்கினே இருந்தான். நான் கூப்பிடாம காத்துக்கினு இருந்தேன்.

அம்மா.